விட்டதைச் சொல்லும் சுருக்கம்

1949ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள் இங்கிலாந்திலே, கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணித ஆய்வுகூடத்தில், எட்சாக் என்னும் மின்கணினி தன் முதற் செய்நிரலை நிறைவேற்றியது. அதனை அமைத்த குழுவின் தலைவர் மொரிஸ் வில்க்ஸ். அடுத்த மாதம் அவர் ஒரு வகையீட்டுச் சமன்பாட்டைத் தீர்ப்பதற்குத் தாமே ஒரு செய்நிரல் எழுதினார். நூற்றுக்குச் சற்று மேற்பட்ட கட்டளைகளே அதில் இருந்தன. பல்லாண்டுகளுக்குப் பின் அந்தக் காகித நாடா கண்டெடுக்கப்பட்டு ஆராயப்பட்டபோது, அதில் ஏறக்குறைய இருபது பிழைகள் இருந்தமை தெரியவந்தது. நாடாவில் துளையிடும் கருவி இருந்த இடத்துக்கும் இயந்திரம் இருந்த அறைக்கும் இடையே படிகளில் நடந்துகொண்டிருந்த ஒரு வேளையில், இனித் தம் வாழ்நாளின் பெரும்பகுதி தம் செய்நிரல்களிலுள்ள பிழைகளைத் தேடுவதிலேயே கழியப்போகின்றது என்னும் எண்ணம் தமக்குத் தோன்றியதாக வில்க்ஸ் தம் நினைவுக் குறிப்பிலே கூறியுள்ளார்.

வில்க்ஸுக்குத் தோன்றிய அந்த எண்ணம் இன்று செய்நிரல் எழுதுவோர் அனைவருக்கும் பொதுவானது. செய்நிரலிலுள்ள பிழையை வழு என்றும், அதனைக் கண்டு களைவதை வழுநீக்கல் என்றும் கூறுவர். களைவது பெரும்பாலும் எளிது, காண்பதே அரிது. கணினியின் நினைவகத்திலே நடப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால், செய்நிரலை இடையிலே நிறுத்தி, அவ்வேளையில் நினைவகத்தில் உள்ளவற்றை அச்சிடச்செய்து பார்ப்பதே தொடக்கம் முதல் வழுநீக்குவோர் கையாண்டுவரும் வழியாகும். இயந்திரம் கேட்டதையெல்லாம் அச்சிட்டுக் கொடுக்கும். எவ்வளவு கேட்பது, எதனை விடுவது என்பதிலேதான் மனிதனின் அறிவு வேலைசெய்ய வேண்டியிருக்கின்றது.

எட்சாக் இயந்திரத்தையே முதலில் எடுத்துக்கொள்ளலாம். அதன் நினைவகம் தொடக்கத்தில் 512 சொற்களைக் கொண்டது. விடைகளை அச்சிட்ட தொலையச்சுப் பொறி ஒரு செக்கனுக்கு ஆறு அல்லது ஏழு எழுத்துகளையே அடிக்கவல்லது. ஒரு சொல்லுக்குக் குறியும் இடைவெளியும் உட்பட எட்டு எழுத்துகள் என்று கொண்டால், நினைவகம் முழுவதையும் அச்சிட ஏறக்குறைய பத்து நிமிடம் செல்லும். அந்த இயந்திரம் ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 600 கட்டளைகளை நிறைவேற்றியது. ஆகவே ஒரு முறை முழுவதையும் அச்சிட்டுப் பார்ப்பதென்பது, மூன்றரை இலட்சம் கட்டளைகளுக்குரிய நேரத்தை இழப்பதாகும். ஒரே இயந்திரத்துக்குப் பலர் காத்திருந்த காலத்திலே இது சிறிய இழப்பன்று.

இந்த நெருக்கடியிலிருந்து பிறந்ததே தேர்ந்தெடுத்து அச்சிடும் முறை. வில்க்ஸின் குழுவிலிருந்த ஸ்ரான்லி கில் என்பவர், எட்சாக்கில் நேரும் பிழைகளை ஆராய்ந்தறியும் வழிகளைப் பற்றி 1951ஆம் ஆண்டு றோயல் சங்கத்தின் ஏட்டிலே ஒரு கட்டுரை எழுதினார். எட்சாக்கின் ஒவ்வொரு கட்டளையும் ஓர் ஆங்கில எழுத்தால் குறிக்கப்படும். கூட்டலுக்கு ஓர் எழுத்து, கழித்தலுக்கு ஓர் எழுத்து, நினைவகத்தில் இடுவதற்கு இன்னோர் எழுத்து. பழுதுற்ற செய்நிரலை ஒரு சோதனை நிரலின் மேற்பார்வையில் ஓடவிட்டு, நிறைவேறும் ஒவ்வொரு கட்டளைக்கும் அந்த ஓரெழுத்தை மட்டும் அச்சிடச்செய்தார் கில். எண்களும் முகவரிகளும் விடப்பட்டன. எனினும் எழுத்துகளின் வரிசையைப் பார்த்த மாத்திரத்தில், செய்நிரல் எந்த வழியே சென்றது, எங்கே வழிதவறியது என்பது எழுதியவருக்குப் புலனாயிற்று. செய்நிரல் நின்றுபோன பின்னர் நினைவகத்தின் ஒரு பகுதியை மட்டும் அச்சிடும் நிரல்களும் கேம்பிறிட்ஜிலே இருந்தன. அவற்றுக்குப் பிரேத பரிசோதனை என்னும் பொருள்தரும் பெயர் வழங்கிற்று.

இன்று அச்சுப்பொறியின் வேகம் தடையன்று. ஆயினும் இக்கட்டு நீங்கவில்லை. கண்ணின் வேகமே இப்போது தடையாகிவிட்டது. நூறு கோடி பைற்று கொண்ட நினைவகம் இன்று கையடக்கத் தொலைபேசிக்கே போதாது. அதனைப் பைற்றுக்கு இரண்டு எழுத்தாக, பக்கத்துக்கு 3,000 எழுத்து வீதம் அச்சிட்டால், ஆறரை இலட்சம் பக்கங்களுக்கு மேல் வரும். அதனைப் படித்து ஒரு வழுவைக் காண்பவர் எவருமிலர். முழுவதையும் காட்டுதல் ஒன்றையும் காட்டாமைக்குச் சமமாகிவிடுகின்றது.

அளவு மட்டுமன்று, அமைப்பும் மாறிவிட்டது. எட்சாக்கின் நினைவகம் வரிசையாக அடுக்கிய பெட்டிகளைப் போன்றது. பிற்காலச் செய்நிரல்களோ தரவுகளை ஒன்றுக்குள் ஒன்றாகவும் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொடுப்பாகவும் அமைத்துக்கொள்கின்றன. இவ்வமைப்பையே தரவுக் கட்டமைப்பு என்பர். இதனை ஒரு மொழியின் அடிப்படையாகவே ஆக்கியவர் ஜோன் மக்கார்த்தி. அமெரிக்காவிலுள்ள மசாச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் 1958ஆம் ஆண்டு அவர் தொடங்கிய லிஸ்ப் என்னும் மொழியில் எல்லாம் பட்டியல்களே. பட்டியலின் உறுப்பு இன்னொரு பட்டியலாகலாம். அதன் உறுப்பு மற்றொன்றாகலாம். அச்சிடும்போது அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறியாக அது விரிந்துகொண்டே செல்லும்.

இதிலே எழும் இடர்ப்பாட்டை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு பெரிய நிறுவனத்தின் ஊழியர் பதிவேடு கணினியில் இருக்கின்றதென்க. ஒவ்வோர் ஊழியரின் பதிவிலும் அவருடைய பெயரும் சம்பளமும் உள்ளன. அவற்றோடு, அவருக்குக் கீழே பணிபுரிவோர் பட்டியலும், அவருக்கு மேலதிகாரி யார் என்பதைக் காட்டும் சுட்டும் உள்ளன. ஓர் எழுதுவினைஞரின் சம்பளம் தவறாக வருகின்றது. செய்நிரலர் அவருடைய பதிவை மட்டும் அச்சிடும்படி கேட்கின்றார். இயந்திரம் அவருடைய பெயரையும் சம்பளத்தையும் அச்சிட்டு, மேலதிகாரியின் பதிவுக்குச் செல்கின்றது. அப்பதிவிலே கீழ்ப்பணிபுரிவோர் பட்டியல் இருக்கின்றது. அதில் முன் கூறிய எழுதுவினைஞரே மீண்டும் இருக்கின்றார். அவருடைய பதிவு மறுபடியும் அச்சாகின்றது. அதிலிருந்து மறுபடியும் மேலதிகாரி. செக்கு மாடு சுற்றியதுபோல இயந்திரம் சுற்றிக்கொண்டே இருக்கும். நினைவகம் தீர்ந்தோ, யாரேனும் நிறுத்தியோதான் ஓயும். மேலதிகாரிச் சுட்டே இல்லையென்று வைத்துக்கொண்டாலும், ஒருவருக்குக் கீழே எண்மர் என்ற கணக்கில் பொது முகாமையாளருக்குக் கீழே ஆறாம் படியில் மட்டும் 262,144 பேர் வந்துவிடுவர்.

இதற்கு லிஸ்ப் மொழியைக் கையாண்டோர் கண்ட பரிகாரங்கள் மூன்று. முதலாவது நீளத்துக்கு எல்லை: ஒரு பட்டியலில் இத்தனை உறுப்புகளுக்கு மேல் அச்சிடாமல் மூன்று புள்ளிகள் இட்டு நிறுத்துதல். இரண்டாவது ஆழத்துக்கு எல்லை: இத்தனை படிகளுக்கு உள்ளே செல்லாமல், அங்கே இருந்த பட்டியலுக்குப் பதிலாக ஒரு தனிக்குறியை மட்டும் இடுதல். மூன்றாவது சுழற்சியைக் கண்டறிதல்: ஒரு பொருள் முதன்முறை வரும்போது அதற்கு ஓர் இலக்கமிட்டு வைத்து, அதுவே மீண்டும் வரும்போது விரித்தெழுதாமல் அந்த இலக்கத்தை மட்டும் காட்டுதல். 1984ஆம் ஆண்டு கை ஸ்ரீலின் நூல்வழி வெளிவந்து, 1994ஆம் ஆண்டு அமெரிக்கத் தரநிலையான பொது லிஸ்ப் மொழியில் இம்மூன்றும் இடம்பெற்றன.

நீளமும் ஆழமும் தனித்தனியே சிறியனவாயினும் ஒன்றோடொன்று பெருகுவன என்பதை மறத்தலாகாது. பட்டியலுக்கு ஆறு உறுப்பு, ஆழம் ஆறு படி என்பது மிகச் சிக்கனமாகத் தோன்றும். ஆனால் ஆறை ஆறு முறை பெருக்கினால் 46,656 வரும். அத்தனை உறுப்புகளும் அந்த எல்லைக்குள் அடங்கிவிடும்! ஆகவே மொத்த வரிகளுக்கும் ஓர் எல்லை வேண்டியதாயிற்று. பொது லிஸ்ப் தரநிலை அதற்கும் இடம்வைத்திருக்கின்றது.

பிற்காலக் கருவிகள் இவ்வழியையே பின்பற்றின. எனினும் ஒவ்வொன்றும் தனக்கென ஓர் அளவை வகுத்துக்கொண்டது. பைதன் மொழியோடு வரும் சுருக்க அச்சு நிரல், பட்டியலில் 6 உறுப்பையும், அகராதி எனப்படும் கட்டமைப்பில் 4 பதிவையும், எழுத்துத் தொடரில் 30 எழுத்தையும், ஆழத்தில் 6 படியையும் எல்லையாகக் கொள்கின்றது. 1986ஆம் ஆண்டு ரிச்சட் ஸ்ரோல்மன் எழுதிய ஜீ.டி.பீ. என்னும் வழுநீக்கி 200 உறுப்போடு நிறுத்துகின்றது. ஒரே பெறுமானம் தொடர்ந்து பலமுறை வந்தால், அதனை ஒருமுறை எழுதி, இத்தனை முறை வந்தது என்று சொல்லிவிடுகின்றது. நோட் என்னும் கருவி இரண்டு படி ஆழத்தோடு அமைகின்றது. எண்வரிசைகளைக் கையாளும் நம்பை என்னும் நிரற்றொகுதி, 1,000 உறுப்பு வரை முழுமையாக அச்சிடும். 1,001 ஆனவுடன் முதல் மூன்றையும் கடை மூன்றையும் மட்டும் காட்டி, நடுவே மூன்று புள்ளிகளை இடும்.

இந்த எண்களில் எதுவும் இயற்கை வகுத்ததன்று. ஒருவர் தீர்மானித்தவை, மாற்றத்தக்கவை. கருவியைக் கையாளுவோர் பலர் இதனை அறியாமலே இருந்துவிடுவர். துன்பம் அங்கிருந்துதான் தொடங்குகின்றது.

1,001 எண்கள் கொண்ட வரிசையை மறுபடியும் நினைக்க. முதல் மூன்றும் சரி, கடை மூன்றும் சரி. ஐந்நூறாவது இடத்திலே எண்ணல்லாத ஒரு பெறுமானம் புகுந்திருக்கின்றது. திரையிலே தோன்றுவது ஆறு நல்ல எண்களும் மூன்று புள்ளிகளுமே. பார்த்தவர் வரிசை சரியாயிருக்கின்றதென்று மனநிறைவு கொண்டு வேறிடத்திலே வழுவைத் தேடச் செல்கின்றார். வழு மறைந்திருந்ததோ அந்தப் புள்ளிகளுக்குப் பின்னால், காட்டப்படாத 995 உறுப்புகளுக்குள். சுருக்கம் இங்கே பொய் சொல்லவில்லை. ஆனால் பார்த்தவர் புள்ளிகளைப் படிக்கவில்லை.

இதனினும் கொடியது இன்னொன்று உண்டு. நீண்ட எண்வரிசையொன்றைக் கோப்பிலே சேமிக்க விரும்பிய ஒருவர், அதனை எழுத்துத் தொடராக மாற்றி எழுதிவைக்கின்றார். மாற்றும்போது சுருக்க அச்சு தானாகவே தலையிடுகின்றது. கோப்பிலே ஆறு எண்களும் மூன்று புள்ளிகளும் மட்டும் பதிவாகின்றன. மூலத்தை அழித்துவிட்டு, சில நாட்களின் பின் கோப்பைத் திறந்தால், நாட்கணக்காக இயந்திரம் கணித்த விடைகள் அங்கே இல்லை. நம்பை கற்போரிடையே இவ்விபத்து அடிக்கடி நேர்வது. கண்ணுக்காகச் செய்த சுருக்கத்தைக் களஞ்சியமாகக் கொண்டதன் விளைவு இது. அச்சிட்டுக் காண்பதற்குரிய வடிவம் வேறு. சேமிப்பதற்குரிய வடிவம் வேறு. ஒன்றன் வேலையை மற்றதனிடம் கொடுத்தலாகாது. இரண்டு பெரிய கட்டமைப்புகள் ஒன்றா வேறா என்று அறிவதற்கு அவற்றின் சுருக்கங்களை ஒப்பிடுவதும் இவ்வகைத் தவறே. சுருக்கங்கள் ஒத்திருக்க, மூலங்கள் வேறுபட்டிருத்தல் கூடும்.

அப்படியாயின் நல்ல சுருக்கத்துக்கு இலக்கணம் யாது? முதலாவது, விட்ட இடத்தை அது மறைக்காமல் காட்ட வேண்டும். ஏட்டுச் சுவடிகளை அச்சேற்றிய அறிஞர்கள் இதனை நன்கு அறிந்திருந்தனர். 1894ஆம் ஆண்டு உ. வே. சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, ஏடு சிதைந்து அடிகள் கிடைக்காத இடங்கள் புள்ளிகளால் காட்டப்பட்டன. அங்கே ஏதோ இருந்தது, அது இங்கில்லை என்று அப்புள்ளிகள் படிப்போருக்கு அறிவிக்கின்றன. இடைவெளியை ஒட்டி இணைத்திருந்தால், பாட்டு முழுமையானதென்று எண்ணிப் பொருள்கொள்வோர் தவறியிருப்பர். கணினித் திரையின் மூன்று புள்ளிகளும் செய்யவேண்டியது அதே பணிதான்.

இரண்டாவது, விட்டது எவ்வளவு என்பதையும் சொல்ல வேண்டும். வெறும் புள்ளிகள் ஓர் உறுப்பு விடுபட்டதையும் ஒரு கோடி விடுபட்டதையும் ஒன்றுபோலவே காட்டும். ஆனால் வழுநீக்குவோருக்கு அவ்விரண்டும் ஒன்றல்ல. நூறு உறுப்பு இருக்கவேண்டிய பட்டியலில் ஒரு கோடி இருக்குமாயின் அதுவே வழு. இக்குறையை நம்பையை ஆக்கியோரும் உணர்ந்தனர் போலும். 2024ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியான அதன் 2.2ஆம் பதிப்பிலே, வழுநீக்குவோருக்கான அச்சு வடிவத்தில் சுருக்கிக் காட்டும் வரிசைகளோடு வரிசையின் முழு அளவும் சேர்த்துக் காட்டப்படுகின்றது.

மூன்றாவது, எந்த இடத்தில் வெட்டுவது என்பதிலும் கருத்து வேண்டும். நீண்ட எழுத்துத் தொடர்களைப் பைதனின் சுருக்க அச்சு நிரல் கடையிலே வெட்டுவதில்லை. தலையையும் வாலையும் வைத்துக்கொண்டு நடுவை விடுகின்றது. காரணம் எளிது. கோப்பு முகவரிகள் பல ஒரே மாதிரித் தொடங்கி, கடையிலேதான் வேறுபடும். கடையை வெட்டினால் அவையெல்லாம் ஒரே முகவரியாகத் தோன்றும். வரிசைகளிலும் எல்லைப் பிழைகள் பெரும்பாலும் முதலிலோ கடையிலோ நேர்வன. ஒரு முறை குறைவாகவோ கூடுதலாகவோ சுற்றிவிட்ட செய்நிரலின் தடயம் கடை உறுப்பிலே தெரியும்.

இவ்வளவும் கருவி தானாகச் செய்யத்தக்கவை. ஆனால் மிகச் சிறந்த சுருக்கம் அளவைக் கொண்டு வெட்டுவதன்று, கேள்வியைக் கொண்டு தெரிவதாகும். 1,001 எண்களில் எண்ணல்லாதது உண்டா என்பதே ஐயமாயின், எத்தனை உண்டு, முதலாவது எந்த இடத்தில் உண்டு என்னும் இரண்டு விடைகளை அச்சிட்டால் போதும். ஒரு வரியிலே வழு அகப்பட்டுவிடும். சம்பளம் தவறிய எழுதுவினைஞரின் பதிவில் மேலதிகாரியின் வாழ்க்கை வரலாறு வேண்டியதில்லை. அவருடைய இலக்கம் ஒன்றே போதும். அதனாலேயே அனுபவமுள்ள செய்நிரலர்கள் தாம் ஆக்கும் ஒவ்வொரு கட்டமைப்புக்கும் தன்னைத் தானே ஒரு வரியில் அறிமுகஞ்செய்யும் நிரலொன்றை எழுதிவைக்கின்றனர். இரண்டு கட்டமைப்புகள் வேறுபடும்போது இரண்டையும் கொட்டிக் காட்டாமல், முதன்முதல் வேறுபடும் இடத்தை மட்டும் காட்டுவதும் அத்தகையதே. கில் ஓரெழுத்தால் செய்ததும் இதுவே. அவர் கேட்ட கேள்வி, செய்நிரல் எவ்வழி சென்றது என்பது. அதற்கு எண்கள் வேண்டியிருக்கவில்லை.

எதனை அச்சிடலாகாது என்பதும் இதனோடு சேர்ந்த கேள்வியே. ஒரு பதிவை முழுமையாக அச்சிடும்போது அதிலுள்ள இரகசியங்களும் அச்சாகிவிடும். 2018ஆம் ஆண்டு மே மாதத்தில், அந்நாளில் டுவிட்டர் என்னும் பெயரோடிருந்த நிறுவனம், பயனாளரின் கடவுச்சொற்கள் மறைக்கப்படாமலே தன் உள்ளகப் பதிவேடொன்றில் எழுதப்பட்டு வந்ததை அறிவித்தது. அவை களவாடப்பட்டதற்கு அறிகுறி இல்லையென்று கூறியபோதிலும், ஏறக்குறைய 33 கோடிப் பயனாளரையும் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளுமாறு அது கேட்கவேண்டியதாயிற்று. கடவுச்சொல் இருக்குமிடத்தில் ஒன்று இருக்கின்றது என்று மட்டும் சொல்லி, அது என்னவென்று சொல்லாதிருப்பதும் சுருக்கத்தின் கடமைகளுள் ஒன்றாகும்.

கேம்பிறிட்ஜின் படிகளிலே வில்க்ஸுக்குத் தோன்றிய எண்ணம் பொய்க்கவில்லை. செய்நிரலரின் நாள் இன்றும் பிழை தேடுவதிலேயே பெரும்பாலும் கழிகின்றது. தேடும் இடம் கடலளவு பெருகிவிட்டது. தேடும் கண்ணோ அன்றிருந்த அதே கண். அந்தக் கண்ணுக்கேற்பக் கடலைக் கைக்குள் அடக்கித் தருவதே சுருக்க அச்சின் வேலை. அடக்கித் தரும்போது, இதோ இவ்வளவு காட்டினேன், இவ்வளவு காட்டவில்லை என்று அது சொல்லிவிடவேண்டும். சொன்னதைக் கேட்கவேண்டியது பார்ப்பவர் கடமை. திரையிலே மூன்று புள்ளிகளைக் காணும் செய்நிரலர், அவற்றைக் கடந்து செல்லுமுன், தாம் தேடுவது அவற்றுக்குள்ளே இருத்தல் கூடுமோ என்று ஒரு முறை தம்மைக் கேட்டுக்கொள்வாராயின், அவருடைய தேடல் பாதி முடிந்ததாகும்.